பெரி சந்தையின் கருப்பு வளையம்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, வட இங்கிலாந்தின் லங்காஷயரில் நான் நர்ஸாக இருந்த காலத்தைப் பற்றி எழுதியபோது ‘பிளாக் புட்டிங்’ என்று ஒரு வரி வந்துபோனது. அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. 1975 முதல் 2008 வரை அந்த ஊர்களின் சாப்பாட்டைச் சாப்பிட்டவள் நான். அதை எனக்கு ஊட்டி வளர்த்தவர்கள் பெரும்பாலும் என் வார்டில் படுத்திருந்த நோயாளிகள்தான். ஆகவே இந்த முறை முழுக்கச் சாப்பாட்டுக் கேள்விகளுக்கே பதில்.

சிஸ்டர், என் மகன் மான்செஸ்டரில் எம்.எஸ்ஸி. படிக்கப் போயிருக்கிறான். காலை உணவுத் தட்டில் முட்டை, தக்காளி, பீன்ஸ் பக்கத்தில் கரி போல வட்டமாக ஒன்று வைத்தார்களாம். ‘புட்டிங்’ என்றதும் இனிப்பு என்று எண்ணிக் கடித்துவிட்டானாம். அது என்ன?
– வாசகர், திண்டுக்கல்

அதுதான் பிளாக் புட்டிங். ஒளிக்காமல் சொல்கிறேன், அது பன்றி ரத்தத்தில் செய்தது. ரத்தத்தோடு பன்றிக் கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி, வெங்காயம், மிளகு, வாசனைக்குச் சில இலைகள் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைப்பார்கள். உங்கள் மகன் தட்டில் பார்த்தது அதை வில்லையாக நறுக்கி வறுத்தது. புட்டிங் என்றால் நமக்கு இனிப்புத்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறித்ததே குடலில் அடைத்த பண்டத்தைத்தான். இனிப்புக்கு அது பிற்பாடுதான் வந்தது.

ரத்தத்தை ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் கிராமத்து ஏழை வீடுகளில் பின்கட்டில் ஒரு பன்றி வளர்ப்பார்கள். குளிர் தொடங்கும் நவம்பர் வாக்கில் அடிப்பார்கள். இறைச்சியை உப்பிட்டு வைக்கலாம். கொழுப்பை உருக்கி ஜாடியில் ஊற்றலாம். ரத்தத்தை மட்டும் ஒரு நாள்கூட வைக்க முடியாது. அன்றைக்கே அதை உணவாக்கியாக வேண்டும். சூடு ஆறுவதற்குள் ஒருவர் வாளிக்குள் கையை விட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார். கிளறக் கிளற, ரத்தத்தை உறைய வைக்கும் நார் விரல்களில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். மீதி உறையாமல் நிற்கும். இதை எனக்கு விளக்கியவர் ஒரு பழைய கசாப்புக்காரர், அறுவைக்குப் பின் என் வார்டில் இருந்தவர். ரத்தம் உறைவதைப் பற்றி நான் நர்சிங் பள்ளியில் மனப்பாடம் செய்ததை அவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்.

சரி, இப்போது ஊருக்கு வருவோம். மான்செஸ்டருக்கு வடக்கே டிராம் ஏறினால் அரை மணி நேரத்தில் ஓர் ஊர். எழுத்தைப் பார்த்தால் ‘பரி’ என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் ‘பெரி’ என்பார்கள். பிளாக் புட்டிங்கின் தலைநகரம் அதுதான். அங்கே சந்தையில் கொதிநீர்த் தொட்டியிலிருந்து சுடச்சுட எடுத்துத் தருவார்கள். நூலால் கட்டிய சிறு வளையம், கைக்குள் அடங்கும். கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி: “கொழுப்புள்ளதா, இல்லாததா?” கொழுப்புள்ளதில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் தெரியும். நீளவாட்டில் பிளந்து, உள்ளே கடுகுக் குழம்பைத் தடவித் தருவார்கள். வினிகர் கேட்பவர்களும் உண்டு. நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். பெரியின் பழைய பக்குவத்தில் புதினா இனத்தைச் சேர்ந்த பென்னிராயல் என்ற இலையையும் சேர்ப்பார்கள். மிளகுக்குப் பின்னால் மெல்லிய குளிர்ச்சியாக வரும் மணம் அதனுடையது.

நான் முதலில் சாப்பிட்டது 1976 பிப்ரவரியில், இரவு ட்யூட்டி முடிந்து வந்த ஒரு சனிக்கிழமைக் காலை. பனி கணுக்கால் வரை கிடந்தது. கை விறைத்திருந்தது. அந்தச் சூடான காகிதப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதுதான் முதல் சுகம். அப்புறம் கடித்தேன். ஈரல் போல இருக்கும் என்று எண்ணியிருந்தேன், இல்லை. பூப்போல மெத்தென்று, உப்பும் மிளகுமாக, தானியம் பல்லில் லேசாக நெருடியது. கடுகின் காரம் மூக்கில் ஏறியது. வீட்டை விட்டு வந்த ஐந்து மாதங்களில் உடம்பு முழுதும் சூடானது அன்றைக்குத்தான்.

உங்கள் மகன் முதல் தடவை ஏமாந்தது போகட்டும். ஒரு புதன், வெள்ளி அல்லது சனிக்கிழமை பெரி சந்தைக்குப் போகச் சொல்லுங்கள், சந்தை முழுவதும் கூடும் நாள்கள் அவை. வறுத்ததைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், வேகவைத்ததைச் சாப்பிடட்டும்.

ரத்தம் விலக்க வேண்டியது என்று வேதத்தில் இருக்கிறதே. கிறிஸ்தவ நாட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? நீங்களும் சாப்பிட்டதாக எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது.
– வாசகி, நாகர்கோவில்

உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன் அம்மா. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைத்தான் சொல்கிறீர்கள். இதே கேள்வி அந்த நாட்டிலும் சூடாக எழுந்திருக்கிறது. 1652இல் லண்டனில் பிளாக் புட்டிங்கை விசாரணைக் கூண்டில் ஏற்றுவது போன்ற தலைப்போடு, ரத்தம் உண்ணக் கூடாது என்று வாதிட்டு ஒரு சிறுநூலே அச்சானது. வட இங்கிலாந்துக்காரர்கள் வாதத்தைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார்கள். யூதர்களும் முஸ்லிம்களும் தொடமாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த பாகிஸ்தானிய சிஸ்டர் பிளாக் புட்டிங் வைத்த தட்டை எடுத்துத் தர மட்டும் என்னைக் கூப்பிடுவார், நானும் போய் எடுத்துத் தருவேன். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

என் வீட்டில், பண்டிகைக்கு ஆடு அடித்தால் ரத்தத்தைச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காயும் போட்டுப் பொரியலாக்குவார் அம்மா. நம் ஊர்களில் பல வீடுகளில் இன்றும் செய்கிறார்கள். அதனால் எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. உங்கள் மனச்சாட்சி வேண்டாம் என்றால் தொடாதீர்கள். சாப்பிடுகிறவர்களை மட்டும் தாழ்வாக எண்ணாதீர்கள். ஓர் உயிரைக் கொன்றபின் அதில் எதையும் வீணாக்கக் கூடாது என்று நினைத்தவர்களின் உணவு அது.

இரும்புச்சத்து அதிகம், ‘சூப்பர் ஃபுட்’ என்று படித்தேன். ரத்தசோகை உள்ளவர்கள் தினமும் சாப்பிடலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். 2016 தொடக்கத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அப்படி எழுதின, எனக்கு அப்போதே கோபம் வந்தது. இரும்பு இருப்பது உண்மை. ரத்தத்தில் உள்ள இரும்பைக் கீரையில் உள்ளதைவிட உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும், அதுவும் உண்மை. ஆனால் கொழுப்பும் உப்பும் நிறைய. எப்போதாவது இரண்டு வில்லை என்றால் சரி. ரத்தசோகை என்றால் முதலில் காரணம் என்னவென்று மருத்துவரிடம் போய்ப் பாருங்கள்.

பிளாக் புட்டிங்கை எறிந்து விளையாடுவார்களாமே?
– மாணவர், கோவை

ஆமாம் தம்பி. பெரிக்குப் பக்கத்தில் ராம்ஸ்பாட்டம் என்ற ஊரில் செப்டம்பரில் நடக்கும் போட்டி. இருபதடி உயர மேடையில் யார்க்‌ஷயர் புட்டிங்குகளை அடுக்கி வைத்திருப்பார்கள். (அது மாவும் முட்டையும் பாலும் கலந்து அடுப்பில் உப்ப வைப்பது.) லங்காஷயரின் பிளாக் புட்டிங்கால் எறிந்து அவற்றைக் கீழே தள்ள வேண்டும். கையைத் தாழ்த்தித்தான் எறிய வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் லங்காஸ்டர், யார்க் என்ற இரு அரச குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்களில் இரு தரப்பும் குண்டு தீர்ந்துபோய்ச் சாப்பாட்டை எறிந்துகொண்டதாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதைதான்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். கூட்டமும் சிரிப்பும் பிடித்திருந்தது. உணவை எறிவதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை.

சிறந்தது எந்த ஊர் பிளாக் புட்டிங்?
– வாசகர், லெஸ்டர்

இதற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அங்கே லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அந்த ஊர் பிளாக் புட்டிங்குக்கு 2013இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. ஸ்டோர்னோவே என்ற பெயரை இனி வேறெங்கும் செய்ததற்கு வைக்க முடியாது. மாட்டுக் கொழுப்பும் ஓட்ஸும் சேர்த்தது, பெரியினுடையதைவிட இறுக்கமானது, வறுத்தால் ஓரம் மொறுமொறுக்கும். ஆகவே வறுப்பதற்கு ஸ்டோர்னோவே, வேகவைத்துச் சாப்பிடப் பெரி என்பது என் தீர்ப்பு. இன்று பல தொழிற்சாலைகள் உலர்ந்த ரத்தப் பொடியைத்தான் பயன்படுத்துகின்றன. புது ரத்தத்தில் செய்கிற கசாப்புக்கடை உங்கள் பக்கம் இருந்தால் விடாதீர்கள்.

வீட்டில் வறுப்பதானால், ஏற்கெனவே வெந்ததுதான், சூடானால் போதும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, மிதமான தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். பக்கத்தில் புளிப்பு ஆப்பிளையும் வதக்கி வையுங்கள். முழு வளையத்தை நீரில் சூடாக்கினால் நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, தோல் வெடித்துவிடும்.

லங்காஷயர் ஹாட்பாட் செய்முறை கிடைக்குமா? அங்கே படித்தபோது கல்லூரி கேன்டீனில் சாப்பிட்டது, ருசி நாக்கிலேயே நிற்கிறது.
– வாசகி, திருச்சி

பிளாக் புட்டிங்கைவிட எனக்குப் பிரியமானது இதுதான். நீங்கள் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் செய்முறை புரியும். லங்காஷயர் பருத்தி மில்களின் நாடு. அங்கே நெசவுத் தறியில் பெண்கள் பெருவாரியாக வேலை பார்த்தார்கள், கல்யாணம் ஆன பின்னும் பார்த்தார்கள். பகல் முழுக்கத் தறி முன்னால் நிற்கிற ஒருத்தி அடுப்பு முன்னால் எப்போது நிற்பாள்? ஆகவே விடியற்காலையில் ஓர் உயரமான மண் பானையில் எல்லாவற்றையும் அடுக்கி, சின்ன சூட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் அடுப்பு வசதி இல்லாதவர்கள் ரொட்டிக் கடைக்காரர் அடுப்பில் பானையைக் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு என்று என் நோயாளிகள் சொல்வார்கள். எண்பது வயது நெசவாளி ஒருவர், தறிச் சத்தத்தில் காது போனவர், உதட்டசைவைப் பார்த்தே பேசுவார். அவர்தான் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். நான் குறிப்பு எடுத்துக்கொள்ளத் தாளை எடுத்தபோது, “எழுதாதே, பெண்ணே. அடுக்கு, மூடு, போ. அவ்வளவுதான்” என்றார்.

இப்போது செய்முறை. ஆட்டின் கழுத்துக் கறி, எலும்போடு, ஒரு கிலோ. உப்பும் மிளகும் தடவி, மாவில் லேசாகப் புரட்டிச் சட்டியில் சிவக்க வையுங்கள். மூன்று பெரிய வெங்காயத்தை நீளமாக நறுக்கி அதே சட்டியில் வதக்குங்கள். ஒரு கிலோ உருளைக்கிழங்கைக் காசு கனத்தில் வட்டமாகச் சீவுங்கள். பானைக்கு அடியில் கொஞ்சம் கிழங்கு, மேலே கறி, வெங்காயம், ஒரு பிரிஞ்சி இலை. எலும்பு வேகவைத்த நீரை முக்கால் பங்கு வரை ஊற்றுங்கள். மீதிக் கிழங்கை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி அடுக்கி, வெண்ணெய் தடவுங்கள். மூடி, 160 டிகிரியில் இரண்டு மணி நேரம். அப்புறம் மூடியைத் திறந்து சூட்டைக் கூட்டி அரை மணி நேரம், மேல் கிழங்கு பொன்னிறமாக மொறுமொறுக்கும்வரை. அவ்வளவுதான். மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை மசாலா சேர்த்துப் பார்த்தேன். நல்ல கறிக்குழம்பு கிடைத்தது, ஹாட்பாட் போய்விட்டது.

தொட்டுக்கொள்ளச் சிவப்பு முட்டைக்கோஸை வினிகரில் ஊற வைத்தது அவசியம். கொழுப்பை அந்தப் புளிப்புத்தான் வெட்டும். சிப்பி மலிவாகக் கிடைத்த காலத்தில் கிழங்குக்கு அடியில் சிப்பியும் வைப்பார்களாம். நம் வெள்ளாட்டுக் கறியிலும் நன்றாக வருகிறது, அரை மணி நேரம் கூடுதலாக வேக வேண்டும், அவ்வளவுதான்.

லிவர்பூல்காரர்களை ஏன் ‘ஸ்கௌசர்’ என்கிறார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

அவர்கள் சாப்பாட்டின் பெயர்தான். வட ஐரோப்பிய மாலுமிகளின் ‘லாப்ஸ்கௌஸ்’ என்ற கறிக்கூழ் துறைமுகம் வழியாக ஊருக்குள் வந்தது. கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் குழைய வெந்தது. கறி வாங்கக் காசில்லாத நாளில் செய்வது ‘குருட்டு ஸ்கௌஸ்’. துறைமுக ஊர்க்காரரான உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

நாங்கள் சைவம். மகள் ஸ்டோக் ஆன் ட்ரென்ட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அந்த ஊர் உணவு எதையாவது சாப்பிட முடியுமா?
– வாசகி, மயிலாடுதுறை

உங்கள் மகளுக்கு அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் நம் தோசைக்கு மிக நெருங்கிய உணவு அந்த ஊரில்தான் இருக்கிறது. ஸ்டாஃபர்ட்ஷயர் ஓட்கேக் என்பார்கள், கேக் அல்ல. ஓட்ஸ் மாவு, கோதுமை மாவு, ஈஸ்ட், நீர் கரைத்துப் பொங்க விட்டு, சூடான கல்லில் வட்டமாக ஊற்றுவார்கள். மேலே ஆப்பம் போலக் குமிழ்க் கண்கள் திறக்கும். திருப்பிப் போட்டு எடுப்பார்கள், தொட்டால் துணி மாதிரி மெத்தென்றிருக்கும். உள்ளே சீஸ் வைத்து உருக்கிச் சுருட்டினால் காலைச் சாப்பாடு ஆயிற்று. பன்றி இறைச்சியும் வைப்பார்கள், வேண்டாம் என்று சொன்னால் போதும். இந்தியாவிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ஆசைப்பட்டுச் செய்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. நம்ப ஆசைதான், ஆனால் குளிரும் மழையுமாக ஓட்ஸ் மட்டும் நன்றாக விளைந்த மலையோரத்தில் ஓட்ஸ் அடை சுட யாரும் இந்தியா வரை வர வேண்டியதில்லை.

பீங்கான் சூளைத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகும் வழியில், வரிசை வீட்டின் ஜன்னல் வழியாகவே இதை டஜன் கணக்கில் வாங்கிப் போவார்கள். ஸ்டோக்கின் ஹான்லி பகுதியில் இருந்த கடைசி ஜன்னல் கடை 2012இல் மூடப்பட்டது. ஒரு விடுமுறையில் அங்கே வரிசையில் நின்றிருக்கிறேன். ஜன்னலுக்குள் கல்லும் ஆவியும் மாவுக் கரண்டியும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை ஆப்பக் கடை முன்னால் நிற்பது போலவே இருந்தது. கண் கலங்கிவிட்டது. இப்போது சாதாரணக் கடைகளில் கிடைக்கிறது.

லங்காஷயரின் ப்ரெஸ்டன் ஊரில் பட்டர் பை உண்டு. (மாவு ஓட்டுக்குள் பண்டத்தை வைத்து அடுப்பில் சுடுவதைத்தான் ‘பை’ என்பார்கள்.) உள்ளே உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும்தான். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாத கத்தோலிக்கர்களின் உணவு. நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், அதனால் எனக்கு அதன் மேல் தனிப் பாசம். ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லி வையுங்கள். ‘சூயெட்’ என்றால் மாட்டுக் கொழுப்பு, ‘லார்ட்’ என்றால் பன்றிக் கொழுப்பு. இனிப்புப் பண்டங்களிலும் பையின் மேல் மாவிலும்கூட இவை ஒளிந்திருக்கும். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டே வாங்கட்டும்.

என் பேத்தி எடின்பரோ பள்ளியில் ஜனவரியில் ‘ஹாகிஸ்’ சாப்பிட்டாளாம். நல்லதா பிள்ளை?
– வாசகி, யாழ்ப்பாணம்

ஜனவரி 25 ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள் அம்மா. அன்று ஹாகிஸை மேளதாளத்தோடு மேசைக்குக் கொண்டுவருவது ஸ்காட்லாந்துக்காரர்கள் வழக்கம். ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு இரைப்பையில் அடைத்து அவித்தது. நல்லதுதான், மிளகு வாசத்தோடு இருக்கும். 1984 முதல் பருப்பிலும் காய்கறியிலும் செய்த சைவ ஹாகிஸும் கிடைக்கிறது, பள்ளியில் கொடுத்தது எது என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கோ.

இந்தியா திரும்பிய பிறகு எந்த ஆங்கிலேயச் சாப்பாட்டை இன்னும் செய்கிறீர்கள்?
– வாசகர், சென்னை

கருப்புப் பட்டாணி. கேட்டால் பெரிதாகத் தோன்றாது. தவிட்டு நிறத்தில் ஒரு நாட்டுப் பட்டாணி, புறாவுக்குப் போடுவதால் புறாப் பட்டாணி என்பார்கள். முந்தின இரவே சமையல் சோடா போட்டு ஊற வைத்து, மறுநாள் தோல் பிரியும்வரை வேகவைப்பார்கள். கெட்டிச் சாறோடு கோப்பையில் ஊற்றி, உப்பும் மால்ட் வினிகரும் நிறையச் சேர்த்துக் கரண்டியால் சாப்பிடுவது. நவம்பர் 5, சொக்கப்பனை கொளுத்தும் இரவு, லங்காஷயரில் தெருவில் நெருப்பைச் சுற்றி நின்று இதைத்தான் சாப்பிடுவார்கள். கூடவே ஓட்ஸும் கரும்புப் பாகும் சேர்த்த பார்கின் என்ற கேக் துண்டு.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒவ்வொரு வருடமும் அன்று இரவு ஒரு கோப்பையை எங்கள் மதில் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். நான் ட்யூட்டியில் இருந்தால் அதைத் தட்டால் மூடி வைப்பார், காலையில் வரும்போது மேலே பனி உறைந்திருக்கும். இங்கே அந்தப் பட்டாணி கிடைப்பதில்லை. காய்ந்த பச்சைப் பட்டாணியில் செய்கிறேன், நிறம் வேறாக இருக்கும், வினிகர் விட்டால் மணம் வந்துவிடுகிறது. தீபாவளி வெடி வாசம் தெருவில் இருக்கிற வாரத்திலேயே நவம்பர் 5 வந்துவிட்டால், மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடுவேன்.